முப்பத்தாறாயிரம் பிரதிகளுக்கு ஒரு காவல்

அவர் பையில் வீட்டிலிருந்து நிரப்பிக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். ஓசூர் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், கடையில் இருபது ரூபாய் கொடுத்து இன்னொன்று வாங்குவார். அதைத்தான் குடிப்பார். மாலை ஐந்தரைக்குக் கிளம்பும்போது வீட்டுத் தண்ணீரை அலுவலக வாசலில் இருந்த குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றிவிட்டுப் போவார். இருபத்திரண்டு வேலை நாட்கள் இதைக் கவனித்துவிட்டு இருபத்து மூன்றாவது நாள் கேட்டேன்.

"பையிலதான் தண்ணி இருக்குதே?"

"இருக்குது சார். அது காலைல புடிச்சது."

"அப்புறம் என்னாத்துக்கு அதத் தூக்கிக்கினு வர்றீங்க?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தண்ணி இல்லாம யாராவது வீட்ட விட்டுக் கெளம்புவாங்களா சார்?"

அந்தச் செடி நன்றாக வளர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஓய்வு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் எண்ணுவதற்குப் போதுமான பொருள்கள் இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒருவரின் சிறிய கம்பெனியில் வேலைக்குப் போனேன். மூன்றாவது மாடி, நாற்பத்தாறு படிகள். பிஸ்கட், மசாலா போன்ற பாக்கெட்டுகள் பெல்ட்டில் ஓடும்போதே எடை பார்த்து, குறைந்ததைத் தள்ளிவிடும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி அது. பதினேழு பேர். பில்களைச் சரிபார்ப்பது என் வேலை.

தண்ணீர் பாட்டில்காரர் அங்கே 'பில்டு' பார்ப்பவர். சாமல்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். அப்போது நாற்பத்திரண்டு வயது. பெயர் வேண்டாம், இன்று பெரிய இடத்தில் இருக்கிறார்.

அவருடைய குணத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பூட்டு தேவைப்பட்டது. அவர் தன் வீட்டுச் சாவிக்கு மூன்று பிரதிகள் செய்து அக்கம்பக்கத்தில் மூன்று வீடுகளில் கொடுத்து வைத்திருந்தார். ஒருநாள் சாவியைத் தொலைத்துவிட்டார். மனைவி பேரிகையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். இவர் என்ன செய்தார்? ஆளைக் கூட்டிவந்து பூட்டை உடைத்தார். மறுநாள் இதைக் கேட்டு எனக்குத் தாங்கவில்லை.

"மூணு வீட்ல சாவி இருக்குதேப்பா!"

"ரெண்டு வருஷமாக் கெடந்த சாவி சார். துரு கிரு ஏறியிருக்கும். உள்ள உட்டுத் திருப்பி, ஒடஞ்சிக்கிச்சுன்னா?"

"அதுக்குப் பூட்டையே ஒடைக்கிறதா?"

"ஒடையும்னு தெரிஞ்சே ஒடைக்கிறது வேற சார்."

புதுப் பூட்டு வாங்கினார். அதன் சாவிக்கு மூன்று பிரதிகள் செய்து அதே மூன்று வீடுகளில் கொடுத்தார்.

மேசையின் இரண்டாவது இழுப்பறையில் காலாவதியான தலைவலி மாத்திரைகள் மூன்று பட்டை இருந்தன. தலை வலித்தால் கீழே போய்ப் புதிதாக வாங்கி வருவார். அவற்றைத் தூக்கி எறியச் சொன்னால் முகம் சுருங்கும். எதையும் விடமாட்டார், விடாமல் வைத்திருந்த எதையும் தொடமாட்டார். இப்படிப்பட்டவரிடம்தான் உலகத்தில் யாரும் கொடுக்கக் கூடாத ஒரு பொறுப்பைக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பொறுப்பு இது. எங்கள் மென்பொருள் ஆயிரத்து முன்னூற்று நாற்பது கோப்புகளால் ஆனது. யாராவது ஒரு வரியை மாற்றினால், எங்கோ இருக்கும் வாடகைக் கணினி ஒன்று அத்தனை கோப்புகளையும் தனித்தனியாகச் சமைத்து, ஒன்றாகக் கோத்து, ஒரே பொருளாக்கிக் கொடுக்கும். அதற்குப் பெயர் பில்டு. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாகச் சமைத்தால் நாற்பது நிமிடம் ஆகும். ஆகவே சமைத்த துண்டுகளை வாடகைக் கிடங்கு ஒன்றில் போட்டு வைப்பார்கள். அடுத்த முறை மாறிய கோப்பை மட்டும் சமைத்துவிட்டு, மற்றவற்றைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எங்கள் தொழிற்சாலையில் பாதி முடிந்த உருப்படிகளை ரேக்கில் வைத்திருப்போமே, அதேதான். பார்க்க முடியாத ரேக். மாதா மாதம் வாடகை.

கிடங்கு வாடகையும் கணினி வாடகையும் சேர்ந்து மாதம் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் வந்தபோது முதலாளி எங்களைக் கூப்பிட்டார். நான், அவர், டெஸ்டிங் செய்யும் மஞ்சுளா.

"மூணு மாசம் டைம்," என்றார் முதலாளி. "இது பாதியாவணும். ஆவலைன்னா டெஸ்டிங்ல ரெண்டு பேர் வேணாம், ஒருத்தர் போதும். கடைசியா வந்தது யாரு?"

கடைசியாக வந்தது மஞ்சுளா. பர்கூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். அங்கேயே பொறியியல் படித்தவள். படித்து முடித்து மூன்று ஆண்டுகள் செல்போன் தொழிற்சாலையில் நின்றுகொண்டு திருகாணி முடுக்கியிருக்கிறாள். சான்றிதழ் பிளாஸ்டிக் உறையில் கிடந்திருக்கிறது. அந்த உறையைத் திறந்து வாங்கிய முதல் வேலை இது. வெளியே வந்ததும் என்னிடம், "இது போச்சுன்னா மறுபடி லைன்லதான் சார் நிக்கணும்," என்றாள். அழவில்லை. படியில் இறங்கும்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

நான் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் ஒன்பது பக்கம். பாதி புரியவில்லை. ஆனால் ஸ்டோர்ஸ்காரனுக்கு இரண்டு பத்திகள் போதும்: உள்ளே வந்தது, வெளியே போனது. உள்ளே ஒரு நாளைக்கு முப்பது முறை சரக்கு போயிருந்தது. வெளியே வந்தது ஒன்றுமில்லை. முந்தின மாத பில்லை எடுத்தேன், ஒன்றுமில்லை. அதற்கு முந்தினது, ஒன்றுமில்லை. நான்கு ஆண்டுகளாகக் கிடங்குக்குள் மூட்டை இறங்கியபடியே இருக்கிறது, ஒரு மூட்டைகூட வெளியே வந்ததில்லை. முப்பத்தாறாயிரம் பிரதிகள். என் காலத்தில் இப்படி ஒரு ரேக் இருந்திருந்தால் ஆடிட்டர் என்னைத் தொங்கவிட்டிருப்பார்.

அவரிடம் காட்டினேன். அவர் கலங்கவில்லை.

"அதுதான் சார் பாதுகாப்பு. யாரும் தொடல பாருங்க."

காரணத்தைக் கண்டுபிடித்தவள் மஞ்சுளா. இரண்டு நாள் ஆனது. கண்டுபிடித்துவிட்டுச் சிரிக்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் என் மேசைக்கு வந்து நின்றாள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆயுத பூஜை. ஓசூரில் அன்றைக்குப் பொட்டு வைக்காத இரும்பு கிடையாது. லேத்துக்கும் பொட்டு, லாரிக்கும் பொட்டு, கேன்டீன் கிரைண்டருக்கும் பொட்டு. எங்கள் முதலாளியும் கையில் சந்தனக் கிண்ணத்தோடு எல்லா மேசைக்கும் போயிருக்கிறார். கடைசியில் இவரிடம் வந்து, "நம்ம பில்டு ஓடுற மெஷின் எங்கப்பா?" என்று கேட்டிருக்கிறார். அது மும்பையில் யாருடைய கட்டடத்திலோ இருக்கிறது என்றதும் முதலாளிக்கு முகம் வாடிவிட்டது. சோறு போடுகிற மெஷினுக்குப் பொட்டு இல்லையா?

இவர் வழி கண்டுபிடித்தார். ஆயிரத்து முன்னூற்று நாற்பது கோப்புகளின் தலையிலும் ஒரு பிள்ளையார் சுழி வரும்படி செய்தார். முதலாளி மகிழ்ந்து இரண்டு பொட்டலம் பொரி கூடுதலாகக் கொடுத்தார். அதோடு நின்றிருந்தால் தெய்வத்துக்கும் நட்டமில்லை, நமக்கும் நட்டமில்லை. இவர் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். பில்டு ஓடும் ஒவ்வொரு முறையும் சுழிக்குப் பக்கத்தில் அன்றைய தேதியும் நேரமும் நொடி சுத்தமாகத் தானே விழும்படி வைத்துவிட்டார்.

கிடங்கின் விதி என்னவென்றால், கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு சரக்கு. அதற்கு வேறு எண். தேதியும் நேரமும் தலையில் இருந்தால் எந்தக் கோப்பும் நேற்று இருந்தது போல இன்று இருக்காது. ஆகவே கணினி ஒவ்வொரு முறையும் கிடங்குக்குப் போய், 'இது இருக்கிறதா' என்று கேட்கும்; 'இல்லை' என்று பதில் வரும்; எல்லாவற்றையும் புதிதாகச் சமைக்கும்; சமைத்ததைக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்கும். நான்கு ஆண்டுகள். ஒரு நாளைக்கு முப்பது முறை.

"எதுக்குங்கண்ணா டைம் போட்டீங்க?" என்று மஞ்சுளா கேட்டாள்.

"தெனமும் பூஜை புதுசாப் பண்றதில்லையாம்மா? நேத்துப் போட்ட பூவையே சாமிக்கு வெப்பியா?"

அவர் வேலையைக் கெடுக்கச் செய்ததல்ல இது என்பதை நான் அன்றே நம்பினேன். தண்ணீர் பாட்டிலைப் பார்த்தவன் நம்பித்தான் ஆகவேண்டும்.

தேதியை எடுக்க முதலாளியின் சம்மதம் வேண்டும் என்றார். நாற்பத்தாறு படிகள் இறங்கி, காரில் ஏறப்போன முதலாளியைப் பிடித்துக் கேட்டேன். "சுழி இருக்குதில்ல? அப்புறம் என்ன," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மஞ்சுளா சுழியை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் எடுத்தாள். முதல் பில்டு வழக்கம்போல நாற்பது நிமிடம்; அதற்கு அடுத்தது ஆறு நிமிடத்தில் முடிந்தது. அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் அதே பில்டை முதலிலிருந்து இன்னொரு முறை முழுதாக ஓட்டினார். ஆறு நிமிடத்தில் வந்ததை அவர் எப்படி நம்புவார்?

கணினி வாடகை குறைந்தது. கிடங்கு வாடகை குறையவில்லை. அதுதான் பெரிது. முப்பத்தாறாயிரம் பிரதிகளை அழிக்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய இறுதி மென்பொருள்கள் அறுபத்தொன்றும் தனியே வேறோர் இடத்தில் இருந்தன. இவை வெறும் துண்டுகள். அவற்றின் தலையில் இருக்கும் அந்த நொடி மறுபடி பிறந்தால்தான் அவற்றால் யாருக்காவது பயன். நொடி எங்கே திரும்பி வரப்போகிறது? இதை நான் அவருக்கு மூன்று விதமாகச் சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினார். அழிக்கவில்லை. கிடங்கின் திறவுகோல் அவரிடம்தான். அழிக்கச் சொன்னால் அவருடைய போனுக்கு ஓர் எண் வரும், அதைப் போட்டால்தான் நடக்கும்.

ஒரு மாதம் போனது. இரண்டாவது மாதமும் போனது. ஒரு வாரம் 'லிஸ்ட் எடுக்கிறேன்' என்றார். அடுத்த வாரம் 'லிஸ்ட்ட சரிபாக்கறேன்' என்றார். மூன்றாவது மாதத்தின் நடுவில் மஞ்சுளா அவர் மேசைக்குப் போய் நின்றாள். நான் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். நான் போகட்டுமா, அது போகட்டுமா?"

அவர் கோபப்படவில்லை. யோசித்தார். உண்மையாகவே எடை போட்டுப் பார்த்தார். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

"நீ போனாத் திரும்பக் கூப்ட்டுக்கலாம்மா," என்றார். "அது போனா வராது."

மஞ்சுளா தன் இடத்துக்குப் போனாள். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"நாலு வருஷத்துல பழசு வேணும்னு எத்தன பேர் கேட்டாங்க?"

"ரெண்டு பேர் சார்."

"கெடங்குலேர்ந்து எடுத்துக் குடுத்தீங்களா?"

"சேச்சே. புதுசா ஓட்டித்தான் குடுத்தேன். பழசப் போய் ஒருத்தருக்குக் குடுக்க முடியுமா?"

மறுநாளிலிருந்து அவர் லீவு. போன் அடித்தது; எடுக்கவில்லை. கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை காலை, நானும் மஞ்சுளாவும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பாகலூர் சாலையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். அவர் லுங்கியோடு கதவைத் திறந்தார். காய்ச்சல் எதுவும் இல்லை.

அந்த வீட்டில் நான் எண்ணியவை: அட்டைப் பெட்டி பிரிக்காத மிக்சி இரண்டு, குக்கர் மூன்று, பிளாஸ்டிக் தாள் கிழிக்காத நாற்காலிகள் ஆறு. நாங்கள் பாயில் உட்கார்ந்தோம். கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட கோப்பைகள் பன்னிரண்டு, கல்யாணத்துக்கு வந்தவை, வைக்கோலோடு அப்படியே இருந்தன. டீ எவர்சில்வர் டம்ளரில் வந்தது. கொண்டுவந்தவர் அவர் மனைவி. மஞ்சுளா வந்த விஷயத்தைச் சொன்னாள். வேலை போகப்போவதையும் சொன்னாள். அந்த அம்மா கணவரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தே பேசினார்.

"தூக்கியும் போட மாட்டாரு, எடுத்துப் பொழங்கவும் மாட்டாரு. என்னையும் அப்டித்தான் சார் வெச்சிருக்காரு, பதினாலு வருஷமா."

அவர் தொண்டையைச் செருமினார். "இப்ப என்ன, அழிக்கணும். அவ்ளோதான? போடும்மா."

மஞ்சுளா லேப்டாப்பைத் திறந்து பழைய பிரதிகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். அவர் போன் சிணுங்கியது. ஆறு இலக்க எண். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "நாலு… ஒம்போது… ரெண்டு… ரெண்டு… ஏழு…" ஐந்தோடு நின்றுவிட்டார்.

"ஆறாவது?" என்றேன்.

"சார், ஒரே ஒரு வார்த்த. அடுத்த வாரமே எவனாவது கேட்டான்னா?"

எண் காலாவதியானது. இரண்டாவது எண் வந்தது. ஐந்து வரை வாசித்தார். "இது ஒண்ணா ஏழான்னு தெரியல." மூன்றாவது வந்தது. மூன்றாவதில் நான்கிலேயே நின்று, போனைப் பாயில் கவிழ்த்து வைத்தார். மஞ்சுளாவின் விரல்கள் விசைப்பலகை மேலேயே இருந்தன.

நான்காவது எண் வந்தபோது அந்த அம்மா குனிந்து போனை எடுத்தார். கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது 'சாலு' என்ற ஒரு சொல்தான். போதும் என்று பொருள். பிறகு மூச்சு விடாமல் வாசித்தார்: "ஆறு, மூடு, எனிமிதி, சுன்னா, ஏடு, ரெண்டு."

பர்கூர்ப் பெண்ணுக்குத் தெலுங்கு சொல்லித்தரவா வேண்டும்? அவர் வாய் திறப்பதற்குள் ஆறு இலக்கமும் உள்ளே போய்விட்டன. திரையில் ஒரு நீலக் கோடு நகர்ந்தது. முப்பத்தாறாயிரமும் போக ஒன்பது நிமிடம் ஆனது. அவர் ஒன்பது நிமிடமும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டீயில் ஆடை படிந்தது. அவர் அதைக் குடிக்கவில்லை, கொட்டவும் விடவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். பழைய பில்டு கேட்டு யாராவது கூப்பிடுவார்களா என்று போனை மேசையின் நடுவில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. அவருக்கு அது பெரிய அவமானம்.

அடுத்த மாத பில் முப்பத்தோராயிரம். முதலாளி கேக் வரவழைத்தார். இதைச் சாதித்தது யார் என்று கேட்டார். அவர் எழுந்து நின்று, "எல்லாருந்தான் சார்," என்றார். எழுந்து நின்றவர் அவர் ஒருவர்தான் என்பதால் சம்பள உயர்வும் அவருக்கே வந்தது. எட்டு மாதத்தில் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி, ஒரு லட்சத்து நாற்பத்திரண்டை முப்பத்தொன்றாக்கிய மனிதரை இரண்டு மடங்கு சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. அங்கே அவருக்கு வேலையே செலவைக் குறைப்பதுதான். போன வருடம் கூப்பிட்டார். "தேவையில்லாதத மனசு வெச்சுத் தூக்கிப் போடணும் சார். எங்க பசங்களுக்கு அத்தான் கிளாஸ் எடுக்கறேன்," என்றார். நான் வாழ்த்தினேன். அந்த வகுப்புக் குறிப்புகளுக்கு எத்தனை பிரதி எடுத்து வைத்திருக்கிறார் என்று கேட்க நாக்கு துடித்தது. வயதானவன், அடக்கிக்கொண்டேன்.

மஞ்சுளாவின் வேலை போகவில்லை. டெஸ்டிங்கில் இருந்த இன்னொருவர் மறுவருடம் வேறு இடம் பார்த்துப் போனார். முதலாளி அவருக்குப் பதில் ஆள் எடுக்கவில்லை. பில்டு இப்போது ஆறு நிமிடத்தில் வந்துவிடுகிறது, காத்திருப்பு இல்லை, எதற்கு இரண்டு பேர் என்றார். கணக்கு சரியாகத்தான் இருந்தது; நானே இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். இரண்டு வேலைகளில் ஒன்று போகும் என்று பயந்திருந்தவளிடம் இன்று இரண்டு வேலையும் இருக்கின்றன. சம்பளம் ஒன்று.

போன வாரம் பகல் ஒன்றேகாலுக்கு அவள் மேசைப் பக்கம் போனேன். திரையில் பில்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் டப்பாவைத் திறந்து வேகவேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மெதுவாச் சாப்புடும்மா. யாரு தொரத்தறா?"

"முன்னெல்லாம் பில்டு ஓடுற நாப்பது நிமிஷந்தான் சார் எனக்குச் சாப்பாட்டு நேரம்," என்றாள், வாயில் சோற்றோடு. "இப்ப ஆறு."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தரை நிமிடத்தில் டப்பாவை மூடிவிட்டாள்.